உப்புவெளி வளவில் புல்தரையும் தூர்ப்புல்லும்

திருகோணமலைக் கரையோரத்தில் முன்வளவு முழுக்கப் பச்சைப் புல்தரை போட நினைக்கிறவர்கள், புல்லைத் தேடிப் போகுமுன் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும். மார்கழியில் கை எட்டும் ஆழத்தில் நிற்கும் தண்ணீர் ஆடியில் எங்கே நிற்கிறது, அப்போது குடித்துப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்பதில்தான் எந்தப் புல், எவ்வளவு இடத்தில் என்ற முடிவு கிடக்கிறது. எங்கள் உப்புவெளி வீட்டில் படரும் புல்லையும், தூர் கட்டி நிமிர்ந்து நிற்கும், அழகுக்கென்று வளர்க்கும் தூர்ப்புல்லையும் பக்கம் பக்கமாக நட்டு, மாரியையும், மேற்கிலிருந்து வறண்டு அடிக்கும் கச்சான் காற்றையும் தாண்டிய பிறகு எழுதுகிறேன்.

முன்வளவு ஆறு பேர்ச் வரும். மணல் நிலம். நனைத்து உள்ளங்கையில் பிடித்தால் உருண்டை நிற்காது, விரலைத் திறந்ததும் உதிர்ந்துவிடும். கிழக்கே கொஞ்சம் நடந்தால் கடல். மேற்கே வீதி, அதற்கு அப்பால் காற்றை மறிக்க ஒன்றுமில்லை. விறாந்தைக்கு இடப்பக்கம் ஒரு பழைய மாமரம். அம்மாவின் காலத்தில் இங்கே புல் என்ற பேச்சே இல்லை. காலையில் ஈர்க்குமாறால் கூட்டி, கோடு கோடாகத் தெரியும் வெள்ளை மணல்தான் முற்றம். அந்த முற்றத்துக்கு ஒரு நியாயம் இருந்தது: தண்ணீர் வேண்டாம், பாம்பு வந்தால் தூரத்திலேயே தெரியும். ஆனால் வைகாசி தொடங்கிக் கச்சான் அடிக்கும் மாதங்களில் அந்த மணல் முழுவதும் வீட்டுக்குள் வந்துவிடும். குசினிச் சட்டி வரைக்கும் மண். அதனால்தான் புல் வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

அத்தான் ஆறு பேர்ச்சும் புல்தரையாக வேண்டும் என்றார். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு பேர்ச் 25.3 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் தண்ணீர் என்றால் அது 1 லீற்றர். கச்சான் அடிக்கும் நாட்களில் வெப்பநாட்டுப் புல்தரை ஒன்று பச்சையாக நிற்க நாளுக்கு 3 முதல் 4 மில்லிமீற்றர் தண்ணீர் கேட்கும். அப்படியென்றால் பேர்ச்சுக்கு 75 முதல் 100 லீற்றர், ஆறு பேர்ச்சுக்கு நாளுக்கு 450 முதல் 600 லீற்றர். வீட்டுக் கூரைமேல் இருக்கும் 1,000 லீற்றர்த் தாங்கியில் ஏறத்தாழப் பாதி தினமும் புல்லுக்கே போய்விடும்.

தாங்கியைவிடப் பெரிய கவலை கிணறு. கடலோர மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரைக்கும் உப்புநீரை அது தள்ளி வைத்திருக்கும் என்பது பொதுவான கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள்: மோட்டாரைப் போட்டு மேலே கொஞ்சம் இறைத்தால், கீழேயிருந்து உப்பு பல மடங்கு ஏறி வரும். புல்லுக்காக இறைத்து இறைத்து, குளிக்கும் தண்ணீரை உவராக்கிக்கொள்வது நியாயமில்லை. அத்தான் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "சரி, அப்ப காலடி படுற இடத்துக்கு மட்டும் போடுவம்" என்றார். அவர் அன்று சொன்னதே எங்கள் வரைபடம் ஆனது. ஆள் நடக்கும், பிள்ளைகள் விளையாடும், கதிரை போடும் இடத்தில் மட்டும் புல்தரை. மற்ற இடமெல்லாம் தூர்ப்புல்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உயரம் மட்டும் அல்ல. அதைப் புரிந்துகொள்ளப் பிரெட்ரிக் கோட்டைக்குள் போய்ப் பார்த்தால் போதும். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் புள்ளிமான்கள் மேயும் இடங்களில், யாரும் மெஷின் கொண்டு வெட்டாமலே புல் விரலளவு உயரத்தில் நிற்கிறது. குனிந்து ஒரு பிடியை விலக்கிப் பார்த்தால் காரணம் தெரியும். அந்தப் புல்லின் தண்டு நிமிராமல் மண்ணோடு மண்ணாக ஓடுகிறது. குருத்து மண் மட்டத்தில் இருக்கிறது, இலையும் அடியிலிருந்து வளர்ந்து மேலே வருகிறது. மான் நுனியைக் கடித்தாலும் வளரும் இடத்துக்குச் சேதமில்லை. தூர்ப்புல்லும் அடியிலிருந்துதான் கிளைக்கிறது. ஆனால் தூர் கட்டி ஒரே இடத்தில் நிமிர்ந்து வளரும், ஓடாது. அடிக்கடி கட்டையாக வெட்டினால் வேரில் சேர்த்து வைத்ததைச் செலவழித்து மெலிந்துவிடும். ஒன்று வெட்ட வெட்ட அடர்வது, மற்றது விட்டுவிட்டால்தான் அழகு. இதை மனதில் வைத்துக்கொண்டால் நீர், பசளை, வெட்டு எல்லாவற்றிலும் எது எதற்கு என்று தடுமாற வேண்டாம்.

அடுத்து, எந்தப் புல். அறுகு இங்கே தானாகவே வரும், காசில்லை, வெயிலுக்கு அஞ்சாது. ஆனால் அது மண்ணுக்கு மேலும் ஓடும், கீழும் ஓடும். தூர்ப்புல்லின் தூருக்குள் அறுகு ஒருமுறை புகுந்தால், தூரையே கிண்டி எடுக்காமல் அதைப் பிரிக்க முடியாது. இரண்டு வகையையும் ஒரே வளவில் வைக்க நினைக்கிறவர் அறுகைத் தவிர்ப்பது நல்லது. நேர்சரிகளில் மணிலாப் புல் என்றும் சொல்லித் தரும் சொய்சியாவை எடுத்தோம். இலை மெல்லியது, ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் அகலம். மிதித்தால் மெத்தென்று இருக்கும். மெதுவாகத்தான் படரும், அதுவே இங்கே நன்மை: மாதத்தில் நாலு தரம் வெட்ட வேண்டியதில்லை. உப்பையும் தாங்கும். சொய்சியாவின் இலைகளில் உப்பை வெளியே தள்ளும் நுண்ணிய சுரப்பிகள் இருக்கின்றன. உவர்த் தண்ணீர் பாய்ச்சும் காலத்தில், விடியற்காலையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இலைமேல் பொடிப்பொடியாக வெள்ளை மணிகள் தெரியும். என் மருமகள் அதைப் பார்ப்பதற்காகவே விடியவெள்ளனப் புல்லில் படுத்துக் கிடப்பாள்.

மாமர நிழலுக்குச் சொய்சியா சரிவராது, வெயில் போதாமல் ஐதாகிவிடும். அங்கே விரல் அகல இலை உள்ள, நிழலில் வளரும் புல்லை வைத்தோம். அது ஈரம் கேட்கும் சாதி, ஆனால் மர நிழலில் மண் அவ்வளவு வேகமாகக் காயாது, இடமும் சிறியது. மரத்தடிக்கென்று மொண்டோ புல் என ஒன்றையும் நேர்சரிகளில் தருவார்கள். அது புல் இனமே அல்ல, சாத்தாவாரிக் குடும்பத்துச் செடி. நிழலில் அழகாக நிற்கும். மிதிக்கத்தான் கூடாது.

தூர்ப்புல்லில் மூன்றை எடுத்தோம்: மேற்கு எல்லைக்கு வெட்டிவேர், பார்வைக்குப் பர்ப்பிள் பவுண்டன் புல், குசினிப் பக்கத்துக்கு எலுமிச்சைப்புல். பவுண்டன் புல்லில் ஒரு கவனம் வேண்டும். ஊதா இலை உள்ள வகை விதையால் பரவுவது மிக அரிது. பச்சை இலை உள்ள வகை அப்படியல்ல, விதை காற்றில் போய் ஊரெல்லாம் முளைக்கும். ஹவாய்த் தீவுகளில் அது காட்டுத் தீக்கே காரணமாகும் களையாகிவிட்டது. நம் நாட்டிலும் கால்நடைத் தீவனத்துக்கு என்று வந்த கினியாப்புல் இன்று வீதியோரமெல்லாம் ஆள் உயரம் நிற்கிறது. ஆக்கிரமிப்புத் தாவரங்களில் ஒன்றாக அதைச் சேர்த்திருக்கிறார்கள். நம் வளவுக்குள் நாம் கொண்டுவரும் ஒரு புல், வேலியைத் தாண்டினால் அது ஊர்ப் பிரச்சினை. ஆகையால் பச்சை வகையை யார் இலவசமாகத் தந்தாலும் நான் வாங்கமாட்டேன், பெரிய வெள்ளைக் கதிர் விடும் பம்பாஸ் புல்லையும்தான்.

மண்வேலை புரட்டாதியில் தொடங்கியது. மழைக்கு முன் நிலம் தயாராகி, முதல் மழையோடு நடுவது என்று திட்டம். திருகோணமலைக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில். நவம்பரிலும் டிசம்பரிலும் மாதத்துக்கு 300 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும். இந்த நான்கு மாதத் தண்ணீரை விட்டுவிட்டு மாசியில் புல் நடுவது காசைக் கரைக்கும் வேலை.

புல்தரைக்கென்று ஒதுக்கிய ஒரு பேர்ச்சில் மண்ணை 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கொத்தினோம். கூலிக்கு வந்த அண்ணை முதலில் செய்தது கோரை தேடுவதுதான். கோரையையும் புல்லையும் பிரித்தறிய அவர் காட்டிய வழி எளிது: தண்டை விரலிடையில் வைத்து உருட்டிப் பார்த்தால், புல் வழுவழுவென்று உருளும், கோரைக்கு மூன்று விளிம்பு தட்டுப்படும். "பிடுங்கி எறிஞ்சால் சரிவராது தங்கச்சி, கிழங்கோட வரவேணும்" என்றார். மேலே ஒரு முளைதான் தெரியும். கீழே கொட்டைப்பாக்கைவிடச் சிறிய கறுத்த கிழங்குகள் கம்பி போன்ற வேரில் கோத்துக்கொண்டு போகும். மண்வெட்டியால் வெட்டினால் கோர்வை அறுந்து, ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக முளைக்கும். அதனால் முள்ளுக்கரண்டியால் மண்ணைத் தளர்த்தி, கையால் பின்தொடர்ந்துதான் எடுக்க வேண்டும். பிறகு நிலத்தை நனைத்து, இரண்டு கிழமை சும்மா விட்டோம். மிச்சம் கிடந்த கிழங்கெல்லாம் முளைத்துக் காட்டிக்கொடுத்தன, அவற்றையும் கிண்டினோம். இந்த இடைவெளியை யாரும் குறைக்க வேண்டாம். புல் படர்ந்த பிறகு கோரை எடுப்பது பத்து மடங்கு வேலை.

அதன்பிறகு உக்கிய மாட்டெருவும் தும்புத்தூளும் கலந்து 5 சென்ரிமீற்றர் கனத்துக்குப் பரப்பிக் கொத்திக் கலந்தோம். ஒரு பேர்ச்சுக்கு இது ஒன்றேகால் கன மீற்றர் வருகிறது, லேண்ட்மாஸ்டரில் ஏற்றி வந்தது. தும்புத்தூளைப் போடுமுன் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து எடுக்க வேண்டும், அதில் உப்பு இருக்கும். எரு பழசாக இருக்க வேண்டும்; பச்சைச் சாணி போட்டால் மாடு தின்ற களையெல்லாம் முளைக்கும். மண்ணை மட்டமாக்கி, வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக இலேசான சரிவு வைத்து, தண்ணீர் நிரப்பிய தகரப் பீப்பாவை உருட்டி அமர்த்தினோம். நடந்து பார்த்தால் குதி புதையக்கூடாது.

நிலம் முழுவதும் புல்லுச் சதுரம் பதிப்பது செலவு. நாங்கள் துண்டுகளாக நட்டோம். ஓர் அடிக்கு ஓர் அடி புல்லுச் சதுரத்தை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டினால் 36 துண்டு வரும். ஆறு அங்குல இடைவெளியில் நட்டால் ஒரு சதுர அடிக்கு 4 துண்டு போதும். ஆக ஒரு சதுரம் ஒன்பது சதுர அடிக்குக் காணும். ஒரு பேர்ச் 272 சதுர அடி. முப்பது சதுரங்களில் வேலை முடிந்தது. வந்த சதுரங்கள் சிலவற்றில் கோரை மறைந்திருந்தது. அவற்றைத் தண்ணீர் வாளிக்குள் போட்டு மண்ணைக் கரைத்து, வேரை மட்டும் எடுத்து நட்டோம். எந்த நேர்சரியில் வாங்கினாலும் சதுரத்தைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்து வாங்குங்கள்.

புல்தரைக்கும் தூர்ப்புல்லுக்கும் இடையில் பழைய ஓடுகளை நிமிர்த்திப் புதைத்தோம், ஒரு சாண் ஆழத்துக்கு. சொய்சியா மெதுவாக ஓடினாலும் ஓடத்தான் செய்யும். கூரை மாற்றியபோது கழற்றிய ஓடு மூலையில் கிடந்தது, செலவில்லை.

தூர்ப்புல் நடுவதில் வேலை மிகக் குறைவு. வெட்டிவேரை மூன்று நான்கு பக்கத்தண்டு கொண்ட சிறு தூர்களாகப் பிரித்து, இலையை ஒரு சாணுக்கும் வேரை நாலு விரலுக்கும் நறுக்கி, 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஒரே வரிசையாக நட்டோம். மழை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. வளர்ப்பு வெட்டிவேர் முளைக்கும் விதை தருவதில்லை, கொடி விட்டு ஓடுவதுமில்லை. வைத்த இடத்தில் நிற்கும். வேர் பக்கவாட்டில் போகாமல் நேரே கீழே போகும், நல்ல மண்ணில் 3 மீற்றர் வரை. மேல்மண் காய்ந்து பொடியாகிற ஆடியிலும் அது பச்சையாக நிற்கும் இரகசியம் இதுதான். பர்ப்பிள் பவுண்டனை மூன்றடி இடைவெளியில் வைத்தோம். நட்ட புதிதில் இடைவெளி வெறுமையாகத் தெரியும், இடையில் இன்னொன்று நடக் கை அரிக்கும். நடாதீர்கள். ஒவ்வொன்றும் மூன்று நான்கடி உயரத்துக்கு வளர்ந்து குடைபோல விரியும் புல் அது. வெறுமை தெரியும் இடத்தில் மாவிலைச் சருகைப் போட்டு மூடினோம், ஈரமும் நின்றது.

வெட்டிவேர் வரிசையை மேற்கில் வைத்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே காற்று இரண்டு முகம் கொண்டது. மாரிக்காலத்து வாடை கடலிலிருந்து உப்போடு வருகிறது, ஆனால் கூடவே மழையும் வந்து இலையைக் கழுவிவிடும். கச்சான் தரையிலிருந்து வருகிறது. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இறங்கி, சூடேறி, காய்ந்து வரும் காற்று. புல்லைக் கொல்வது இந்தக் காற்றுத்தான். அதைத் தடுக்க மதிலை உயர்த்துவது பலருக்குத் தோன்றும் வழி. மதிலில் மோதிய காற்று மேலே ஏறி, மறுபக்கம் சுழன்று விழும். மதிலுக்குச் சற்று உள்ளே உள்ள செடி அதிகம் அடிபடும். வெட்டிவேர் வரிசை காற்றை வடித்து, வேகத்தைக் குறைத்து அனுப்புகிறது. இப்படிக் காற்று புகும் தடுப்பு தன் உயரத்தைப்போல் 10 மடங்கு தூரம் வரைக்கும் காற்றைத் தணிக்கும். ஐந்தடி வரிசைக்கு ஐம்பது அடி. எங்கள் முன்வளவின் அகலம் அதற்குள் அடங்கிவிட்டது. ஆனியில் வீதி ஓரமாக நின்றால் சாரத்தைப் பறிக்கும் காற்று, வரிசைக்கு உள்ளே வந்தால் தலைமயிரைத்தான் கலைக்கிறது. குசினிச் சட்டிக்குள் மண் வருவதும் நின்றது. இதை ஒரு பேர்ச் புல்தரை தந்திருக்காது; தூர்ப்புல்லின் கொடை.

புல்தரை மூடுவதற்குத் தைப்பொங்கல் தாண்டிவிட்டது. பெருமழை நாட்களில் சில துண்டுகள் மிதந்து போயின, திரும்பப் பொறுக்கி அமர்த்தினோம். மழை ஓய்ந்ததும் பேர்ச்சுக்கு 150 கிராம் யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தோம். மணல் நிலத்துக்கு ஒரே தடவையில் அதற்கு மேல் வேண்டாம், மீதி கிணற்றுக்குத்தான் இறங்கும். தூர்ப்புல்லுக்கு யூரியா போடவே கூடாது. இலை கொழுத்து, காற்றுக்குப் படுத்துவிடும்.

தண்ணீர் ஊற்றுவதிலும் ஒரு முறை உண்டு. பலர் மாலையில் குழாயைப் பிடித்து இலை நனையும் அளவுக்குத் தெளிப்பார்கள். அது மண்ணுக்குள் ஒரு விரல்கூட இறங்காது, வேரும் மேலேயே நின்றுவிடும். ரின்மீன் டப்பா ஒன்றைப் புல்லில் வைத்துத் தண்ணீர் விடுங்கள். அதில் 1 சென்ரிமீற்றர் நின்றதும் நிறுத்துங்கள். எங்கள் மண்ணுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை இது போதும். நேரம், காலை ஏழுக்கு முன். அதற்குப் பின் கச்சான் எழும்பிவிடும், பாதித் தண்ணீர் காற்றோடு போகும்.

ஆடியில் கிணறு இறங்கி, தண்ணீர் கரிக்கத் தொடங்கியபோது புல்தரைக்கு ஊற்றுவதை நிறுத்தினோம். இரண்டு புல்லும் எப்படித் தாங்குகின்றன என்று பார்க்கும் காலம் அதுதான். சொய்சியா ஒரு கிழமையில் மங்கி, பிறகு வைக்கோல் நிறத்துக்குப் போனது. மாமரத்தடி அகல இலைப் புல்லில் வெயில் விழும் ஓரம் முழுவதும் செத்தது, நிழலுக்குள் நின்றது மட்டும் தப்பியது. பர்ப்பிள் பவுண்டனின் இலை நுனி காய்ந்தது, ஆனால் கதிர் விடுவதை நிறுத்தவில்லை. ஊதாவாக வெளிவந்த கதிர் வெயிலில் செம்பு நிறமாகி, வைக்கோல் நிறமாகிக் காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. வெட்டிவேருக்கு ஒரு குறையும் இல்லை. எலுமிச்சைப்புல் அடி இலைகளைக் காயவிட்டு நடுக்குருத்தைக் காப்பாற்றிக்கொண்டது, தேநீருக்கு அது போதும்.

வைக்கோல் நிறத்தைப் பார்த்து அத்தான் புல்தரை போய்விட்டது என்றே நினைத்தார். ஓடு கொடி ஒன்றைக் கிள்ளி, நகத்தால் கீறிக் காட்டினேன். தோலுக்குள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தது. உயிர் இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே பழுப்பாக, பொடியாக உதிர்ந்தால்தான் செத்த கொடி. நிறம் போனவுடனே பதறி உவர்த் தண்ணீரை அள்ளி ஊற்றக்கூடாது. தூங்கும் புல்லை மிதிக்காமல் விட்டாலே போதும். புரட்டாதியில் இரண்டு மழை விழுந்ததும் கணுக்கணுவாகப் பச்சை ஊசி கிளம்பியது, ஒக்டோபர் நடுவில் தரை மூடிவிட்டது.

வெட்டு விஷயத்துக்கு வருகிறேன். சொய்சியாவை 3 சென்ரிமீற்றரில் வைத்திருக்கிறோம். இருக்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டுவதில்லை. மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை, கச்சானில் வெட்டே இல்லை. தூர்ப்புல்லுக்கு ஆண்டில் ஒரே வெட்டு, மழைக்குச் சற்று முன். கயிற்றால் தூரை இறுக்கிக் கட்டிவிட்டு, அடியிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டினால் கட்டுக் கட்டாக விழும், பொறுக்க வேண்டியதில்லை. கட்டாயம் நீளக்கைச் சட்டை போடுங்கள். வெட்டிவேர், எலுமிச்சைப்புல் இலைகளின் ஓரம் அரம்போல இருக்கும். நுனியிலிருந்து அடிக்குத் தடவினால் தோல் கிழியும்.

ஒழுங்காகப் பராமரிக்கும் புல்தரை இந்தக் காலநிலையில் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள், நிலாவெளி வீதியோரம் உள்ள இரண்டாம் உலகப் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம். கற்களுக்கிடையில் அவ்வளவு ஒழுங்காகப் புல் இருக்கும். ஆனால் அதற்கென்று வேலையாட்கள் அங்கே இருக்கிறார்கள். வேலைக்குப் போய் வரும் ஒரு குடும்பம் அதைத் தன் வீட்டில் எதிர்பார்க்கக்கூடாது என்பது என் எண்ணம்.

அம்மாவுக்குத் தூர்ப்புல்லில் ஒரு பயம். "வாசலோட பற்றை வையாத பிள்ளை, பாம்பு வந்து படுக்கும்" என்று தொடக்கத்திலேயே சொன்னா. அது வெறும் பயம் இல்லை. அடர்ந்த தூருக்குள் எலி கூடு கட்டும், எலியைத் தேடிப் பாம்பு வரும். அதனால் வாசலிலிருந்தும் பிள்ளைகள் நடக்கும் வழியிலிருந்தும் பத்தடிக்குள் உயரமான தூர் ஒன்றும் இல்லை. அந்த இடம் முழுவதும் கட்டைப் புல்தரை, எது ஊர்ந்தாலும் தெரியும். இன்னொன்று நெருப்பு. கச்சானில் காய்ந்த தூர் ஒரு பொறிக்குக் காத்துக்கொண்டிருக்கும். குப்பை எரிக்கும் மூலைக்குப் பக்கத்தில் தூர்ப்புல் வேண்டவே வேண்டாம், அங்கே நாங்கள் மணலையே விட்டுவைத்திருக்கிறோம்.

கட்டாக்காலி மாடுகளைச் சொல்லாமல் விட முடியாது. ஆடியில் ஊரில் பச்சை எங்கே இருக்கிறதோ அங்கே அவை வரும். கேற் ஒரு இரவு திறந்து கிடந்தால் போதும். புல்தரையை மேய்ந்தால் பெரிய நட்டமில்லை, முளைத்துவிடும். ஈர மண்ணில் விழும் குளம்புப் பள்ளம்தான் கேடு, மணல் போட்டு நிரவ வேண்டும். எலுமிச்சைப்புல்லை மோந்துவிட்டு விட்டுவிடும். முற்றிய வெட்டிவேரில் வாய் வைக்காது. மழைக்குப் பின் வரும் இளங்குருத்தை மட்டும் கொஞ்சம் கடிக்கும்.

வேலிக்கு வெளியே, கடல் பக்கத்து மணல்மேட்டில் ஒன்றும் நடவில்லை. அங்கே இராவணன் மீசை என்ற கடற்கரைப் புல் இருக்கிறது, அடம்பன் கொடி இருக்கிறது. கடலோரம் வீடு கட்டுகிறவர்கள் பலர் முதலில் செய்வது அந்த இரண்டையும் வழித்தெடுத்துப் புல்தரை போடுவதுதான், எனக்கு அது மனதைச் சுடும் காட்சி. நாம் காசு கொடுத்து வாங்கும் எந்தப் புல்லும் அந்த இடத்தில் நிற்காது. இராவணன் மீசை மணலில் கணுவுக்குக் கணு வேர்விட்டு மேட்டைப் பிடித்து வைக்கிறது. மணல் மூட மூட மேலே எழும்பி வருகிறது. அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் முள்ளு முள்ளான உருண்டைக் கதிர் முற்றி உடைந்து, காற்றில் உருண்டு கடற்கரை நெடுக ஓடி விதை தூவும். ஓர் அழகுப் புல்லிடம் கேட்க இதைவிட என்ன இருக்கிறது? தண்ணீரும் வேண்டாம், பசளையும் வேண்டாம். கால் வைத்தால் குத்தும், அவ்வளவுதான். நடக்க ஒரு ஒற்றையடிப் பாதை விட்டால் போதும்.

உவர்மலை போன்ற மேட்டு நிலத்தில் இருக்கிறவர்களுக்கு என் அளவுகள் அப்படியே பொருந்தாது. அங்கே கல்லும் செம்மண்ணும். தண்ணீர் எங்கள் மணலைவிட நேரம் நிற்கும், ஆனால் சரிவில் ஓடிவிடும். அங்கே வெட்டிவேரைக் காற்றுக்கு எதிராக அல்ல, சரிவுக்குக் குறுக்காக ஒரே மட்டத்தில் வரிசை பிடிக்க வேண்டும். ஓடிவரும் மண் வரிசைக்கு மேலே தங்கித் தானாகவே படிக்கட்டாகும். புல்தரையை அந்தப் படியில் போடலாம்.

இந்தப் புரட்டாதியில் பவுண்டன் தூர்களில் மூத்தவற்றைப் பிரிக்க வேண்டும். நடுவில் வழுக்கை விழத் தொடங்கிவிட்டது. அந்த வகைப் புல் ஓரத்தில்தான் இளமையாக இருக்கும், நடு செத்துக்கொண்டே போகும். அலவாங்கால் தூரைக் கெம்பி எடுத்து, கத்தியால் நான்காகப் பிளந்து, நடுக்கட்டையை எருக் குழிக்கு எறிந்துவிட்டு ஓரத்துண்டுகளை நட வேண்டும். வெட்டிவேரில் பிரித்த நாற்று பின்வளவு வாய்க்கால் ஓரத்துக்குப் போகிறது, போன மார்கழி மழை அங்கே ஒரு முழ அகலத்துக்குக் கரையை அரித்துவிட்டது. மிஞ்சுவதைப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டிருக்கிறா, அவவின் வளவும் மேற்குப் பார்த்ததுதான்.